மஸ்கட்டில் பார்க்க என்ன இருக்கு, பழக யார் இருக்கா?

கேள்வி, 4 பிப்ரவரி 2024

மஸ்கட்ல ஒரு கட்டுமான கம்பெனியில வேலை வந்திருக்கு. துபாயில இருக்கிற மச்சான் வேண்டாங்கிறார். "ரெண்டு நாள்ல ஊரைப் பார்த்து முடிச்சிடுவே, மூணாம் நாள் சுவரைப் பார்த்து உட்கார வேண்டியதுதான். ஓமானிங்க நம்மகூட ஒட்டவும் மாட்டாங்க"ன்னு சொல்றார். மனைவியும் நாலு வயசுப் பொண்ணும் கூட வருவாங்க. அங்கே இருக்கிறவங்க சொல்லுங்க, அவர் சொல்றது நிஜமா?

4 பிப்ரவரி 2024, இரவு

மச்சான் ஒரு லீவு நாள்ல வந்து எட்டிப் பார்த்துட்டுப் போனவரா இருப்பார். அவரோட ரெண்டு நாள் கணக்கு சரிதான். சுல்தான் காபூஸ் பெரிய மசூதி, மத்ரா சூக்ங்கிற பழைய கடைவீதி, அதை ஒட்டின கடற்கரைச் சாலை, அரண்மனை வாசல், ஓபரா ஹவுஸ். தீர்ந்தது. மசூதிக்குள்ளே விரிச்சிருக்கிற ஒரே கம்பளம் 21 டன், ஈரான் பெண்கள் நாலு வருஷம் நெய்தது. முதல் தடவை எல்லாரும் வாயைப் பிளப்பாங்க, நானும் பிளந்தேன். இப்ப ஊர்லேர்ந்து விருந்தாளி வந்தா அவங்களை உள்ளே அனுப்பிட்டு நான் வெளியே நிழல்ல நிக்கிறேன்.

ஆனா தம்பி, மஸ்கட்டைப் பார்த்தவன் ஓமனைப் பார்க்கலை. இந்த ஊர் மலைக்கும் கடலுக்கும் நடுவுல ஒல்லியா நீண்டு கிடக்கு. கார் இல்லாதவனுக்கு ரூவி கடைத்தெருவோட உலகம் முடிஞ்சிரும். கார் வந்த அன்னைக்குத்தான் நாடு ஆரம்பிக்குது. ரெண்டு மணி நேரம் உள்ளே போனா நிஸ்வா கோட்டை, அதுக்கு மேலே ஜெபல் அக்தர், இன்னும் மேலே ஏறினா ஜெபல் ஷம்ஸ். கடலோரமாப் போனா பிம்மா பள்ளம், வாதி ஷாப்ங்கிற ஆத்துப் பள்ளத்தாக்கு, ஸூர், ராஸ் அல் ஜின்ஸ் ஆமைக் கரை. இன்னொரு பக்கம் மணல்காடு.

அதனால வந்த உடனே லைசென்ஸுக்கு எழுதிப் போடுங்க. நம்ம ஊர் லைசென்ஸ் இங்கே செல்லாது. முதல்ல ட்ரம் டெஸ்ட். பீப்பாய்களுக்கு நடுவுல வண்டியைப் பின்பக்கமா ஓட்டி நிறுத்தணும், பீப்பாயில உரசினா அன்னைக்கு அவ்வளவுதான். அப்புறம் ஏத்தத்துல நிறுத்தி எடுக்கிறது. கடைசியா ரோடு. சென்னை டிராபிக்ல ஆட்டோவோட மல்லுக்கட்டின ஆளுங்க இந்தப் பீப்பாய்கிட்ட தோத்து நிக்கிறதைப் பார்க்கணும். ஓட்டக் கத்துத்தர்றவர் ஓமானியா இருப்பார், சொந்தக் கார்லயே. நம்மள்ல நிறைய பேருக்கு ஆபீஸுக்கு வெளியே முதல்ல பழக்கமாகிற ஓமானி அவர்தான். பக்கத்து சீட்ல உட்கார்ந்து உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டிருக்கிறவரோட நெருக்கம் தானா வந்துரும்.

5 பிப்ரவரி 2024

சம்பளம் 600 ரியால் இருந்தாத்தான் குடும்ப விசான்னு மேலே ஒருத்தர் எழுதியிருக்கார். அது பழைய கதை. 2017ல 300 ஆக்கினாங்க, 2023ல 150. ஆனா 150ல குடும்பத்தோட இங்கே குடித்தனம் பண்ண முடியாது, அதையும் சொல்லிடறேன். விசா கிடைக்கிறது வேற, வாடகை கட்டுறது வேற.

9 பிப்ரவரி 2024

"ஒட்டமாட்டாங்க"ங்கிறதுக்கு நேத்தே பதில் எழுதிப் பாதியில விட்டேன். இன்னைக்கு வெள்ளிக்கிழமை, லீவு, கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

என் நெருங்கின ஓமானி நண்பர் எங்க கம்பெனியில மந்தூப். விசா, பதாக்காங்கிற குடியிருப்பு அட்டை, மந்திரி அலுவலகத்து முத்திரை, இதுக்கெல்லாம் அலையற ஆள். வந்த புதுசுல காகிதம் சரியில்லாம என்னையும் கூட இழுத்துக்கிட்டுப் போவார். டோக்கன் எடுத்துட்டு ரெண்டு பேரும் மணிக்கணக்கா நாற்காலியில உட்கார்ந்திருப்போம். நட்பு அங்கேதான் வளர்ந்தது. அவருக்கு ஹிந்தி நல்லா வரும், மலையாளத்துல திட்டத் தெரியும், தமிழ்ல "சாப்பிட்டாச்சா" மட்டும். மஸ்கட் ஓமானிங்கள்ல பல பேருக்கு வீட்டு மொழியே அரபி கிடையாது. பலூச்சி பேசறவங்க இருக்காங்க, ஸன்ஸிபார்லேர்ந்து திரும்பின குடும்பங்கள் ஸ்வாஹிலி பேசும், மத்ராவில லவாதியா சமூகத்துக்குன்னு தனி மொழியே உண்டு. பழைய மஸ்கட்ல அரண்மனைக்குக் கொஞ்ச தூரத்துல சிவன் கோயில் இருக்கு, தர்ஸைத்ல கிருஷ்ணன் கோயில். குஜராத்தி வியாபாரிகள் தலைமுறை தலைமுறையா இங்கேயே இருக்காங்க. அதுல கனக்ஸி கிம்ஜிக்கு சுல்தான் ஷேக் பட்டமே கொடுத்தார். அந்நியனைப் பார்த்துப் பழகின ஊர் இது.

அவர் சொந்த ஊர் பஹ்லா, மஸ்கட்லேர்ந்து இருநூறு கிலோமீட்டர் போல. வாங்கன்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தார், நான் அதை உபசாரப் பேச்சுன்னு எடுத்துக்கிட்டேன். இங்கே அப்படி இல்லை. ஒரு நாள் வாசல்ல வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திட்டார், குடும்பத்தையும் ஏத்துன்னு.

போன உடனே என்னை மஜ்லிஸ்ல, அதாவது ஆம்பளை விருந்தாளிங்க அறையில, உட்கார வச்சாங்க, மனைவியையும் பையனையும் உள்ளே கூட்டிட்டுப் போயிட்டாங்க. சாயங்காலம் வரைக்கும் அவங்களைப் பார்க்கலை. தரையில கம்பளம், சுவரோரம் திண்டு. பழத்தட்டு வந்தது, ஹல்வா வந்தது, பேரீச்சை வந்தது, கஹ்வா வந்தது. ஏலக்காய் போட்ட கசப்புக் காப்பி, சின்னக் கிண்ணம். குடிச்சு முடிச்சா ஊத்தினாங்க, குடிச்சு முடிச்சா ஊத்தினாங்க. மரியாதைக்கு மறுக்காம குடிச்சுக்கிட்டே இருந்தேன், ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. போதும்னா கிண்ணத்தை விரல்ல பிடிச்சு லேசா ரெண்டு ஆட்டு ஆட்டிக் கொடுக்கணும். இதை எவனும் எனக்குச் சொல்லலை, உங்களுக்கு நான் சொல்லிட்டேன்.

அவர் அப்பா இருந்தார். 1970ல சுல்தான் காபூஸ் ஆட்சிக்கு வந்தப்போ நாடு முழுக்கத் தார் போட்ட சாலை பத்து கிலோமீட்டர்தான். பஹ்லாவிலேர்ந்து மஸ்கட் போக நாள்கணக்குல கழுதையும் ஒட்டகமும். ராத்திரி ஆனா மஸ்கட் கோட்டைக் கதவைச் சாத்திருவாங்க, அதுக்கப்புறம் வந்தவன் விடியற வரைக்கும் வெளியேதான். பெரியவர் இதைச் சொல்லிட்டு, வாசல்ல நின்ன பேரனோட லேண்ட் குரூஸரைப் பார்த்துச் சிரிச்சார். ஜன்னல் வழியா பஹ்லா கோட்டை தெரிஞ்சது, மண்ணால கட்டினது, 1987லயே யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்தது. கோட்டைக்கு டிக்கெட் வாங்கி உள்ளே போனது ரொம்ப நாள் கழிச்சுத்தான். அன்னைக்குப் பார்த்தது போதுமா இருந்தது.

10 பிப்ரவரி 2024

பஹ்லாவில ஜின் உண்டான்னு கேட்டவருக்கு: ஓமன் பூரா அந்த ஊர்னாலே ஜின் கதைதான். கோட்டை மதிலை ஒரே ராத்திரியில ஜின் கட்டிச்சும்பாங்க. நண்பரையே கேட்டேன். "அப்ப இருந்துச்சு. பராமரிப்புக்கு இப்ப பங்களாதேஷ்காரங்கதான்"னார்.

1 மார்ச் 2024

இந்த இழையில ஒரு தம்பி காட்டமா எழுதியிருக்கார். "கார் வச்சிருக்கிற ஆபீஸர்மாருக்கு நிஸ்வாவும் வாதியும். லேபர் கேம்ப்ல இருக்கிறவனுக்கு என்ன இருக்கு?" நியாயமான கோபம். நான் எழுதினதெல்லாம் பதாக்காவில நல்ல வேலைப் பேர் இருக்கிறவன் பார்த்த ஓமன்தான். ஜூன்லேர்ந்து ஆகஸ்ட் வரைக்கும் மதியம் பன்னிரண்டரை முதல் மூணரை வரைக்கும் வெயில்ல வேலை வாங்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. ஆனா மூணரைக்கு மட்டும் வெயில் எங்கே போச்சு? 2018 ஜூன்ல குரையாத்ல ராத்திரியும் சேர்த்து ஒரு நாள் முழுக்க 42.6 டிகிரிக்குக் கீழே இறங்கவே இல்லை, உலக சாதனைன்னு செய்தி வந்தது. அந்த ராத்திரி ஏசி ஓடாத கேம்ப்ல படுத்திருந்தவங்க கிட்ட சாதனையைப் பத்திக் கேட்கணும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரூவிக்கும் ஹம்ரியாவுக்கும் போய்ப் பாருங்க. தெருவே நம்ம ஆளுங்க. பணம் அனுப்ப வரிசை, போன்ல வீட்டு முகம், கையில ஒரு கரக் சாயா. அதான் அவங்க சுத்திப் பார்க்கிறது.

ஒண்ணு சொல்லணும். எங்க சைட்ல டைல்ஸ் பதிக்கிற ராமநாதபுரத்து அண்ணன் ஒருத்தர். வந்து வருஷங்களாகியும் சைட், கேம்ப், ரூவி தவிர எதையும் பார்க்காதவர். ஒரு வெள்ளிக்கிழமை விடியக்காலையில நிஸ்வாவுக்குக் கூட்டிட்டுப் போனேன். கோட்டையைக் காட்டலாம்னு என் திட்டம். 1650களில் கட்டின பெரிய வட்டக் கோபுரம், பார்க்க வேண்டியதுதான். அண்ணன் கோட்டையை நிமிர்ந்துகூடப் பார்க்கலை. பக்கத்துல ஆட்டுச் சத்தம் கேட்டது, அவர் கால் தன்னால அந்தப் பக்கம் திரும்பிடுச்சு.

நிஸ்வா வெள்ளிக்கிழமைச் சந்தையில ஆட்டைக் கட்டி வச்சு விக்கமாட்டாங்க. நடுவுல வட்டப் பாதை. உள்வட்டத்துல ஒரு வரிசை ஆளுங்க, வெளிவட்டத்துல இன்னொரு வரிசை. விக்கிறவன் ஆட்டைக் கயித்துல பிடிச்சுக்கிட்டு, விலையைக் கூவிக்கிட்டே சுத்துவான். வேணுங்கிறவன் கையை நீட்டி நிறுத்தணும், பார்க்கணும், பேரம் பேசணும். முகத்துல துணிக் கவசம் போட்ட பாலைவனப் பதுவிக் கிழவிகளும் கறாரா பேரம் பேசுவாங்க. ஏழு மணிக்குச் சூடு பிடிச்சா ஒன்பதுக்குள்ளே அடங்கிரும்.

ஒரு பெரியவர் ஒரு பெட்டை ஆட்டை நிறுத்தி மடியைப் பார்த்துக்கிட்டிருந்தார். நீளமான ரோமம், ஜெபல் அக்தர் மலை இனம். அண்ணன் பின்னாலேர்ந்து நுழைஞ்சு, யாரையும் கேட்காம ஆட்டு வாயைத் திறந்தார். "எட்டுப் பல்லும் போட்டாச்சு. கிழடு. ரெண்டு ஈத்துக்கு மேலே தாங்காது, வேண்டாம்னு சொல்லுங்க"ன்னார் என்கிட்ட. நான் ஹிந்தியும் அரபியும் கலந்து எதையோ சொன்னேன். விக்கிறவன் கல்லி வல்லி, அதாவது போனாப் போகுதுன்னு கையை வீசிட்டு ஆட்டை இழுத்துக்கிட்டுப் போயிட்டான். பெரியவர் போகலை. அண்ணனை ஏற இறங்கப் பார்த்தார், அப்புறம் கையைப் பிடிச்சு இன்னொரு ஆட்டுக்கு முன்னாடி நிறுத்தினார். அது நாலு பல்லு, காம்பு ரெண்டும் சரியா இருக்கு, நெஞ்சு அகலம். அண்ணன் தலையாட்டினார். நூறு ரியாலுக்கு மேலே போன ஆடு, கொஞ்சம் குறைச்சு முடிச்சாங்க. மேலும் நாலஞ்சு பேர் அண்ணனைச் சுத்தி நின்னுட்டாங்க. ஊர்ல ஆடு வளர்த்துக் கடனாகி வந்த மனுஷன் அவர். வருஷக் கணக்கா அவர்கிட்ட யாரும் எதையும் பத்தி அபிப்பிராயம் கேட்டிருக்கமாட்டாங்க.

பெரியவர் டீ வாங்கிக் கொடுத்து நம்பரும் வாங்கிக்கிட்டார். இப்பவும் ஈது வந்தா அண்ணனுக்குப் போன் வருது. ரெண்டு பேருக்கும் பொதுவா பாஷை எதுவும் கிடையாது. என்னத்தைப் பேசுவாங்களோ தெரியலை, பத்து நிமிஷம் போகுது.

அந்தத் தம்பிக்கு இது பதில் இல்லைன்னு தெரியும். கார் வச்சிருக்கிற நான் கூட்டிட்டுப் போனதாலதானே அது நடந்தது. ஆனா கார் வச்சிருக்கிற மத்தவங்க படிக்கிற இடம் இது, அதனால எழுதறேன்.

3 மார்ச் 2024

"என்.ஓ.சி. (பழைய முதலாளி தர்ற ஆட்சேபணை இல்லைங்கிற காகிதம்) இல்லாம வேலை மாறினா ரெண்டு வருஷத் தடை" இன்னும் இருக்கான்னு கேள்வி. இல்லை. 2021 ஜனவரியிலேர்ந்து எடுத்துட்டாங்க. ஒப்பந்தம் முடிஞ்சா மாறலாம். இதுக்கு முன்னால இருந்த காலத்தைப் பார்த்தவங்களுக்குத்தான் இதோட அருமை தெரியும். என் அறை நண்பன் ஒருத்தன், நல்ல சர்வேயர், அந்தக் காகிதம் கிடைக்காம ஊருக்குப் போய் ரெண்டு வருஷம் உட்கார்ந்தான். அதுக்குள்ளே ஊர்லயே ஒரு கடை போட்டு, கல்யாணமாகி, இப்ப வளைகுடான்னாலே கும்பிடு போடறான். பேச்சு குறைஞ்சு இப்ப தீபாவளிக்கு ஒரு மெசேஜ்னு ஆயிடுச்சு.

17 ஏப்ரல் 2024

மூணு நாளா மழை. ஞாயிற்றுக்கிழமை ஸமத் அல் ஷான்ல பள்ளிக்கூடப் பிள்ளைங்க இருந்த வண்டியை வாதி அடிச்சுட்டுப் போயிடுச்சு. இந்த இழையில வாதி ஷாப், வாதி பனி காலித்னு படம் போட்டு ஆசை காட்டினதுல நானும் ஒருத்தன், அதனால இதைச் சொல்லியே ஆகணும். வாதின்னா காய்ஞ்ச ஆறு. உங்க தலைக்கு மேலே வானம் தெளிவா இருக்கும், மலைக்கு அந்தப் பக்கம் பெய்ஞ்ச தண்ணி அரை மணி நேரத்துல வந்து சேரும். சாலையில தண்ணி ஓடுற இடத்துல அளவுக் கம்பம் நட்டிருப்பாங்க, தண்ணி சிவப்பைத் தொட்டுட்டா திரும்பிடுங்க. ஓடற வாதியில வண்டியை இறக்கறது இங்கே குற்றம், போலீஸ் உள்ளே வைக்கும். முன்னாடி போற பிராடோக்காரன் தாண்டிட்டான்னு நம்ம யாரிஸை இறக்கவேண்டாம்.

ஜெபல் அக்தர் ரோஜா சீசன் இதுதான், போகலாமான்னு ஒருத்தர் கேட்டார். இந்த வாரம் வேண்டாம். அடுத்த வாரம் போனாலும் பிர்கத் அல் மவ்ஸ் சோதனைச்சாவடியில நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி இல்லைன்னா திருப்பி அனுப்பிடுவாங்க.

10 ஜூன் 2024

தலைப்புக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை, ஆனா தூக்கம் வரலை. நேத்து நியூயார்க்ல நடந்த இந்தியா-பாகிஸ்தான் கிரிக்கெட் மேட்ச், நம்ம 119, அவங்க 113. ஆறு ரன்! வாதி கபீர் பேட்டையில என் காருக்கு எலெக்ட்ரிக் வேலை பார்க்கிற லாகூர்க்காரர் கடையிலதான் பார்த்தேன். 2021ல துபாய்ல பத்து விக்கெட்ல நம்மளைச் சாத்தின ராத்திரி, இதே மனுஷன் ஜிலேபி டப்பாவோட என் வீட்டு மாடி ஏறி வந்து என் மனைவி கையில கொடுத்துட்டு ஒண்ணும் பேசாமப் போனார். மூணு வருஷமா அந்த ஜிலேபி தொண்டையில நின்னுச்சு. நேத்து நான் மைசூர்பாகு கொண்டுபோயிருந்தேன், கடைசி ஓவர் வரைக்கும் வண்டியிலேயே ஒளிச்சு வச்சிருந்தேன். "சர்க்கரை இருக்கு, டாக்டர் திட்டுவார்"னுக்கிட்டே மூணு துண்டு தின்னார்.

இந்தியாவிலயே இருந்திருந்தா இவரை நான் சந்திச்சிருக்க வழியே இல்லை.

21 ஜூன் 2024

ஈது முடிஞ்சு பஹ்லாவிலேர்ந்து திரும்பினோம். ஷுவா சாப்பிட்டோம். கறியில மசாலா அரைச்சுத் தடவி, காய்ஞ்ச வாழை இலையில சுத்தி, பேரீச்சை ஓலைப் பையில தைச்சு, தெருவுக்கே பொதுவான தணல் குழியில எல்லா வீட்டுப் பையும் ஒண்ணா இறங்கும். மேலே மண்ணைப் போட்டு மூடி ஒரு நாளோ ரெண்டு நாளோ விட்டுருவாங்க. எடுக்கிறப்போ ஊரே கூடி நிக்கும், அவங்கவங்க பையில அடையாளம் கட்டியிருப்பாங்க. எலும்பு கையோட வந்துரும். இதுக்கு மேலே வர்ணிச்சா விரதக்காரங்க சாபம் விடுவாங்க.

எழுத வந்தது வேற. பிப்ரவரியில எழுதினதைத் திரும்பப் படிச்சேன். ஓமானி நட்புன்னு எழுதினதெல்லாம் அவர் வீட்டுல நான் உண்டதுதான். ஒரு பக்கமே போடுற தராசு நட்பா, விருந்தோம்பலான்னு ஒரு சந்தேகம். அங்கே விருந்தாளிக்குச் செலவு பண்றது குடும்ப கௌரவம். அதுல நான் யார்ங்கிறது ரெண்டாம்பட்சம். வேற எவன் வந்திருந்தாலும் அதே பழத்தட்டுதான்.

என் மனைவி இதை ஒத்துக்கலை. அவ கணக்கு வேற. ரெண்டு பொங்கலுக்கு முன்னால அவரைக் கூப்பிட்டோம். அவரும் பையன்களும் வந்தாங்க, ஹல்வாச் சட்டியோட. சர்க்கரைப் பொங்கலை மரியாதைக்கு ரெண்டு வாய், மெதுவடையைத் தட்டு காலியாகற வரைக்கும். அவர் மனைவி வரலை. அதோட முடிஞ்சதுன்னு நான் நினைச்சேன். அடுத்த வாரம் போன்: "வியாழக்கிழமை சாயங்காலம் என் வீட்டுப் பெண்கள் உங்க வீட்டுக்கு வரணுங்கிறாங்க. நீ எங்கே இருப்பே?" எங்கே இருப்பேன், லுலு சூப்பர்மார்க்கெட்லதான் இருந்தேன். அரிசி விலையை எல்லாம் படிச்சு முடிச்சு, தள்ளுவண்டியைச் சும்மா தள்ளிக்கிட்டு, கால் கடுத்துப் போய் ராத்திரி பத்து மணிக்கு வீடு திரும்பினா, வீடு முழுக்க லுபான் சாம்பிராணிப் புகை வாசம். மனைவி கையில மருதாணி, அவங்க மக கையில எங்க வீட்டுக் கண்ணாடி வளையல். என்ன பேசினீங்கன்னேன். "உனக்கெதுக்கு"ன்னுட்டா. இவளுக்கும் அவர் மனைவிக்கும் இன்னைக்கும் தனி வாட்ஸாப் ஓடுது. பிள்ளைப்பேறு, மாமியார், முட்டுவலி எல்லாம் அதுல போகுது போல.

ஆக மஜ்லிஸ்ல உட்கார்ந்து கஹ்வா குடிச்ச எனக்குக் கிடைச்சது விருந்தோம்பல், உள்கட்டுக்குப் போன அவளுக்குக் கிடைச்சது நட்பு. கேள்வி கேட்ட தம்பி, குடும்பத்தோட வர்றீங்கன்னா இது உங்களுக்கு நல்ல சேதிதான். லுலு கூரைக்குக் கீழே எனக்குத் துணையும் ஆச்சு.

18 ஆகஸ்ட் 2024

ஸலாலாவிலேர்ந்து திரும்பியாச்சு. கரீஃப் காலம், அதாவது ஜூன் கடைசியிலேர்ந்து செப்டம்பர் வரைக்கும் அங்கே மட்டும் சாரல். மஸ்கட்லேர்ந்து ஆயிரம் கிலோமீட்டர். ஆதம் தாண்டினா ஹைமா, ஹைமா தாண்டினா தும்ரைத், நடுவுல ஒண்ணுமே கிடையாது. தும்ரைத்லேர்ந்து மலை இறங்கறப்போ திடீர்னு மூடுபனி, எதிர்ல ஒட்டகம் நிக்கிறது மோதற வரைக்கும் தெரியாது. பஸ்ல போனா பன்னிரண்டு மணி நேரம், தூங்கிக்கிட்டே போயிடலாம். இனிமே நான் பஸ்தான்.

கூட வந்தது பக்கத்து வீட்டு திருச்சூர்க் குடும்பம். வழியோரம் தென்னை, வாழை, பப்பாளி, இளநீர்க் கடை. வாதி தர்பத்ல பச்சைப் புல்லு, மாடு, தூறல். வளைகுடாவுல இருக்கிற அத்தனை அரபுக் குடும்பமும் தூறல்ல பாயை விரிச்சு உட்கார்ந்து, நனைஞ்சுக்கிட்டே டீ போட்டுக் குடிக்குது. சேட்டன் வண்டியை விட்டு இறங்கவே இல்லை. "இதுக்கா ஆயிரம் கிலோமீட்டர்? என் வீட்டுக் கொல்லைப்புறம் இதைவிட நல்லா இருக்கும்"னார். சேச்சி மட்டும் இறங்கிப் போய் நனைஞ்சுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னாங்க. கூப்பிட்டும் வரலை. பிறகு சேட்டனும் இறங்கிட்டார்.

சேரமான் பெருமாள் சமாதி ஸலாலாவில இருக்கு, அது வரலாறுன்னு மேலே ஒருத்தர் எழுதியிருக்கார். அது கேரளத்து மரபுக் கதை, அந்த நம்பிக்கையோட மலையாளிகள் போய்ப் பார்க்கிற ஒரு கல்லறை இருக்கு. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

அதைவிட உறுதியான ஒண்ணு அங்கேயே இருக்கு, நம்ம ஆளுங்க யாரும் எட்டிப் பார்க்கிறதில்லை. கோர் ரோரி கழிமுகத்துல ஸும்ஹுரம்னு பழைய துறைமுகம். சாம்பிராணிப் பிசின் கப்பலேறின இடம், 2000ல யுனெஸ்கோ பட்டியல்ல வந்தது. அங்கே இத்தாலிக்காரங்க தோண்டினப்போ, 2006ல ஒரு பானை ஓடு கிடைச்சது. அதுல தமிழ் பிராமி எழுத்து. நம்ம ஆய்வாளர்கள் பார்வைக்கு வந்து செய்தியானது 2012ல. வாசிச்சது "ணந்தை கீரன்". கி.பி. முதல் நூற்றாண்டு. உடைஞ்ச பானையோட தோள் பகுதியை வட்டமா செதுக்கி மூடியா பயன்படுத்தியிருக்காங்க. பாத்திரத்துல பேர் வெட்டி வச்சுக்கிற பழக்கம் அப்பவே. நான் இதைச் சொன்னதும் சேட்டன் கேட்டார், "அந்த ஆளுக்கு என்.ஓ.சி. யார் கொடுத்தா?"

கடல் வாயில மணல்திட்டு அடைச்சுக் கிடக்கு, துறைமுகம் செத்ததுக்கு அதுவும் காரணம்னு பலகையில எழுதியிருக்கு. காத்து பலமா அடிச்சது. பையன் ஃபிளமிங்கோ எண்ணிக்கிட்டிருந்தான். நான் கீரனைப் பத்தி யோசிச்சேன். பருவக்காத்துல வந்தவன் திரும்பற காத்து கிளம்பற வரைக்கும் மாசக்கணக்குல இங்கேயே காத்துக் கிடந்திருக்கணும். யார் வீட்டுல தங்கினான், என்ன சாப்பிட்டான், யாரோட சண்டை போட்டான்? பாத்திரத்துல பேர் போட்டான்னா கூட இருந்தவன் எடுத்துட்டுப் போயிருவான்னு பயம் இருந்திருக்கு. கண்டிப்பா ஷேரிங் ரூம்தான்.

6 அக்டோபர் 2024

கேள்வி கேட்ட தம்பி வந்து சேர்ந்துட்டார், ட்ரம் டெஸ்டுக்குப் போய்க்கிட்டிருக்கார்னு தனியா எழுதியிருந்தார். பீப்பாய் வாழ்த்துகள்.

"இத்தனை பேர் பழக்கமா, கொடுத்து வச்சவர்"னு ஒருத்தர் எனக்கு எழுதியிருக்கார். மறுபக்கமும் கேளுங்க. இங்கே எல்லா நட்புக்கும் கீழே விசா தேதி அச்சடிச்சிருக்கு. 2018ல 87 வகை வேலைக்குப் புது விசா கிடையாதுன்னாங்க, எங்க குடியிருப்புல ரெண்டு வீடு காலி. 2020ல கொரோனா, ஒரு மாடியே காலி. தெரியாத நாடுன்னு வந்து, கஷ்டப்பட்டுச் சிநேகம் பிடிச்சு, பிள்ளைங்க ஒண்ணா வளர்ந்து, திடீர்னு ஒரு நாள் "இந்த மாசக் கடைசி"ன்னு வந்து நிப்பாங்க. பிரியாணி போட்டு, போட்டோ எடுத்து, ஏர்போர்ட்ல எடை கூடின மூட்டையிலேர்ந்து ரெண்டு கிலோவை நம்ம கையில கொடுத்துட்டுப் போவாங்க. முதல்ல ரொம்ப அழுதோம். இப்ப அழறதில்லை, ஆனா புதுசா வர்றவங்ககிட்ட முன்ன மாதிரி உடனே ஒட்டறதும் இல்லை. மச்சான் ஓமானிங்களைச் சொன்னார், பத்து வருஷம் ஆன தமிழனைச் சொல்லியிருந்தா சரியா இருந்திருக்கும்.

8 அக்டோபர் 2024

முந்தாநேத்து எழுதினது கொஞ்சம் தூக்கலாப் போச்சுன்னு மனைவி சொல்றா. அழுகையெல்லாம் அப்படியேதான் இருக்காம், பார்க்கிறதுக்கு நான் வீட்டுல இருக்கிறதில்லையாம்.

11 அக்டோபர் 2024

திருச்சூர்க் குடும்பம் டிசம்பர்ல கிளம்புது. சாமான் பட்டியல் போட்டிருக்காங்க: சோபா, வாஷிங் மெஷின், சைக்கிள் ரெண்டு, துளசித் தொட்டி, பிறகு அந்த கிரைண்டர். கிரைண்டர் கதை பலருக்குத் தெரியும். கோயம்புத்தூர்லேர்ந்து யாரோ தூக்கிட்டு வந்தது, அவங்க போறப்போ மதுரைக்காரங்களுக்கு, அவங்க போறப்போ ஒரு தெலுங்குக் குடும்பத்துக்கு, அங்கேர்ந்து சேச்சிக்கு. முதல்ல வாங்கின ஆள் யார்னு இப்ப யாருக்கும் தெரியாது. இந்த நாட்டு மூணு முள் ப்ளக் மாத்தியாச்சு. பெல்ட் தேய்ஞ்சிருக்கு, ரூவியில கிடைக்கும். காசு வேண்டாம், ஆனா போறப்போ விக்கக் கூடாது, அடுத்தவங்களுக்குக் கொடுத்துட்டுத்தான் போகணும்ங்கிறதுதான் நிபந்தனை. நான்தான் கேட்டிருந்தேன், எங்க வீட்டுல ஏற்கெனவே ரெண்டு இருக்குன்னு மனைவி மறுத்துட்டா.

தம்பி, உங்க வீட்டுல இன்னும் மிக்ஸியிலதான் மாவு அரைக்கிறீங்கன்னு கேள்விப்பட்டேன். வேணும்னா சொல்லுங்க. மூணாவது மாடி, லிஃப்ட் வேலை செய்யலை, கல்லு தனி, சட்டி தனின்னு ரெண்டு நடை நடக்கணும்.